பின்னங்கழுத்தும் வெறும் தெருவும்: கோபன்ஹேகனிலிருந்து பெர்கன் வரை

புதன், கோபன்ஹேகன்

நகரத்துத் தனிமையை வரைந்த ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், கலை தெரிந்தவர்கள் சிகாகோவுக்கு டிக்கெட் எடுக்கத்தான் சொல்வார்கள். எட்வர்ட் ஹாப்பர் 1942-இல் வரைந்த இரவுநேர உணவகம் அங்கேதான் இருக்கிறது. நான்கு பேர், வளைந்து செல்லும் ஒரு பெரிய கண்ணாடி, வெறிச்சோடிய தெருமுனை. அதை அச்சிட்ட காலண்டர்களையும் கோப்பைகளையும் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் மரத்துவிட்டது. ஓவியத்தின் மீது குற்றமில்லை, அச்சடித்தவர்கள் மீதுதான். அதனால் வடக்கே வந்திருக்கிறேன். ஹாப்பருக்கு ஒரு தலைமுறை முந்தி, டென்மார்க்கில் ஒருவரும் நார்வேயில் ஒருவரும் இதே வேலையைச் செய்து முடித்திருந்தார்கள். நார்வேக்காரர் எட்வர்ட் மூங்க் பிறந்தது 1863-இல், டென்மார்க்காரர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1864-இல். ஒருவர் கூட்டத்தின் நடுவே நின்று வரைந்தார், மற்றவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தார். கோபன்ஹேகன், ஆஸ்லோ, பெர்கன் ஆகிய மூன்று ஊர்களிலும் இவர்களைப் பார்ப்பதாகத் திட்டம். முழுப் பயணமும் ரயிலில். நவம்பர் என்பதால் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இந்த ஓவியங்களுக்குத் தோதான பருவம்தான்.

காலையில் கிறிஸ்தியான்ஸ்ஹாவ்ன் பகுதிக்குப் போனேன். கால்வாய்களும் பழைய வணிகர் வீடுகளும் நிறைந்த இடம். அங்கே ஸ்ட்ராண்ட்கேட் தெருவில் 30-ஆம் எண் வீட்டில் 1898 முதல் 1909 வரை ஹாமர்ஷோயும் மனைவி ஈடாவும் குடியிருந்தார்கள். அந்த ஒரு வீட்டின் அறைகளை மட்டும் அறுபது தடவைக்கு மேல் வரைந்திருக்கிறார். லண்டன், பாரிஸ், ரோம் எல்லாம் போய்வந்த மனிதர்தான். திரும்பி வந்தால் மறுபடி அதே ஜன்னல், அதே கதவு, அதே சுவர். வீடு இன்னும் நிற்கிறது. பிறர் குடியிருக்கும் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது முறையல்ல என்பதால் எதிர்ச்சாரியில் நின்று ஜன்னல்களின் உயரத்தையும் அகலத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டு நகர்ந்தேன்.

பிறகு தேசியக் கலைக்கூடம். அங்கே ஹாமர்ஷோய் 1896-இல் வரைந்த அமலியன்போர்க் சதுக்கம் இருக்கிறது. அரண்மனைகள் சூழ்ந்த சதுக்கம், நடுவில் குதிரை மீது அரசரின் சிலை. நிஜத்தில் காவல் வீரர்கள் நாள் முழுவதும் நிற்கும் இடம், ஊரே கடந்து போகும் இடம். ஓவியத்தில் ஒரு மனிதப் பூச்சி இல்லை. நகரத்தின் பொதுக் கட்டடங்கள் பலவற்றை அவர் இப்படி ஆளில்லாமல் வரைந்திருக்கிறார். 2020-க்கு முன்பு இந்தப் படத்தைக் கண்டவர்கள் கனவுக்காட்சி என்று சொல்லியிருக்கக்கூடும். ஊரடங்கைப் பார்த்துவிட்ட நமக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

மாலையில் டேவிட் தொகுப்பு என்ற சிறிய அருங்காட்சியகம். ஒரு வழக்கறிஞர் சேர்த்து வைத்தது, இஸ்லாமியக் கலைப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. நீல ஓடுகளையும் கையெழுத்துச் சுவடிகளையும் கடந்து நான் தேடி வந்த படத்தின் முன் நின்றேன். 1905-இல் வரைந்தது. ஸ்ட்ராண்ட்கேட் வீட்டின் வெள்ளைக் கதவுகள் ஒன்றையடுத்து ஒன்று திறந்து கிடக்கின்றன. நாற்காலி இல்லை, மேஜை இல்லை, ஆள் இல்லை. தேய்ந்த தரைப்பலகையும் கதவுகளும்தான். திறந்த கதவு என்றால் யாரோ வரப்போகிறார்கள் அல்லது யாரோ போயிருக்கிறார்கள் என்று நம் மனம் உடனே ஒரு கதை கட்டும். இந்தக் கதவுகள் அந்தக் கதைக்கு இடம் தரவில்லை. ஒரு கதவு வழியே பார்த்தால் இன்னொரு கதவு, அதற்கு அப்பால் இன்னொரு அறையின் மங்கல். வீட்டின் உள்ளேதான் நிற்கிறோம், ஆனால் நம்மை யாரும் உள்ளே அழைக்கவில்லை. இன்றைய நாளில் எனக்கு உறைத்தது அதுதான்.

வியாழன், ஓர்ட்ருப்கார்ட்

கோபன்ஹேகனுக்கு வடக்கே, புறநகரில், மரங்களுக்கு நடுவே உள்ள மாளிகை அருங்காட்சியகம். காப்பீட்டுத் தொழிலில் பணம் சேர்த்த வில்ஹெல்ம் ஹான்சன் என்பவரின் தொகுப்பு. கட்டடக்கலைப் பிரியர்கள் ஸஹா ஹதீத் 2005-இல் கட்டித் தந்த பகுதிக்காக இங்கே வருகிறார்கள். நான் 70 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படத்துக்காக வந்தேன்.

'ஒளிக்கற்றையில் ஆடும் தூசி', 1900. ஓர் அறை. ஒரு ஜன்னல். ஜன்னலின் சட்டங்கள் வெயிலைக் கட்டம் கட்டமாக வெட்டித் தரையில் போட்டிருக்கின்றன. பக்கத்தில் மூடிய கதவு. தலைப்பில் தூசி ஆடுகிறது, படத்தில் ஒரு துகளைக்கூடத் தனியாகக் காட்ட முடியாது. சாய்ந்து இறங்கும் வெளிச்சப் பட்டைகள் மட்டும் இருக்கின்றன. தூசி இருப்பதால்தான் பட்டை தெரிகிறது என்பது பார்க்கும் நமக்குத் தெரியும், அதை நம்பியே அவர் துகளை விட்டுவிட்டார். கதவுக்குக் கைப்பிடி எங்கே என்று தேடினேன், கண்ணில் படவில்லை. ஜன்னலுக்கு அப்பால் முற்றத்தின் வெளிறிய மங்கல். அங்கே வேறு குடித்தனங்கள் இருந்திருக்கும், குழந்தைகள் அழுதிருக்கும், யாராவது வாளியைப் போட்டு உடைத்திருப்பார்கள். கண்ணாடி அத்தனையையும் வெளியே நிறுத்தியிருக்கிறது.

கயிறு கட்டித் தடுக்காததால் மூக்கு படும் தூரத்துக்கு முன்னால் வரை போக முடிந்தது. தூரத்திலிருந்து ஒரே சாம்பல் பூச்சாகத் தெரியும் சுவர், அருகே போனால் சின்னஞ்சிறு தூரிகைத் தீற்றல்களின் அடுக்காக இருக்கிறது. ஒரு தீற்றல் சற்றுப் பழுப்பு, அடுத்தது சற்று நீலம், அதற்கடுத்தது ஊதா கலந்த வெள்ளை. எதுவும் விளிம்பில் கூர்மையாக முடிவதில்லை. கதவின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மயிரிழை நடுக்கம் இருக்கிறது, கண் அதை நிலைநிறுத்த முயன்றுகொண்டே இருக்கும், முடியாது. ஆகவேதான் அந்த வெறும் சுவரை அத்தனை நேரம் பார்க்க முடிகிறது. இவ்வளவு குறைந்த வண்ணங்களிலேயே ஏன் வரைகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், வண்ணம் குறையக் குறையத்தான் படத்தின் வண்ண வலிமை கூடுகிறது என்ற பொருளில் பதில் சொல்லியிருக்கிறார். வகுப்பில் பன்னிரண்டு வண்ணம் பிதுக்கி வைத்துக்கொண்டு உட்காரும் மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒருவர் முகமும் மலராது.

ஈடாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹாமர்ஷோயின் அறைகளில் ஆள் இருந்தால் பெரும்பாலும் ஈடாதான், பெரும்பாலும் முதுகுதான். கறுப்பு உடை, உயர்த்திக் கட்டிய கொண்டை, பின்னங்கழுத்தில் அவிழ்ந்து நிற்கும் ஓரிரு முடி. படம் முழுவதும் சாம்பலாக இருக்கும்போது அந்தக் கழுத்தில் மட்டும் இளஞ்சிவப்பு லேசாக எட்டிப்பார்க்கிறது. அவர் கடிதம் படிக்கிறாரா, தைக்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்பது முதுகுக்கு அந்தப் பக்கம். இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 'சோகத்தில் மூழ்கிய பெண்' என்று கூசாமல் எழுதுகிறார்கள். முகத்தை எங்கே பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அந்த நேரத்தில் ஈடா நிம்மதியாக இருந்திருக்கலாம், பட்டாணி உரித்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்திருக்கலாம். தனியாக இருப்பது நாம். அறைக்குள் ஒருவர் இருக்கிறார், நாம் அவருக்குப் பின்னால் நிற்கிறோம், அவர் திரும்பப் போவதில்லை. சோகம் இருந்தால் அது சட்டகத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

கவிஞர் ரில்கே 1904-இல் கோபன்ஹேகனில் ஹாமர்ஷோயைச் சந்தித்து, அவரைப் பற்றி எழுதுவதாகத் திட்டமிட்டார். கடைசி வரை எழுதவில்லை. புரிந்துகொள்ளக்கூடிய தோல்விதான்.

வெள்ளி, ரயிலில்

கோபன்ஹேகனிலிருந்து 2000-இல் திறந்த ஓரசுண்ட் பாலம் வழியாக ஸ்வீடன், கோதன்பர்க்கில் வண்டி மாறி ஆஸ்லோ. கிட்டத்தட்ட ஒரு பகல் முழுவதும் போய்விடுகிறது. விமானத்தில் ஒரு மணி நேரத்துச் சமாசாரம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி, நான் செய்ததும் சரி.

வழியில் படித்துக்கொண்டு வந்தபோது ஒரு தகவல் மனதில் ஒட்டிக்கொண்டது. குடியாலும் நரம்புத் தளர்ச்சியாலும் நொறுங்கிப்போன மூங்க், 1908 இலையுதிர் காலத்தில் கோபன்ஹேகனில் டாக்டர் டேனியல் யாகப்சன் என்பவரின் மருத்துவமனையில் சேர்ந்தார். மறுவருடம் வசந்தம் வரை அங்கேதான் இருந்தார். தனக்குச் சிகிச்சை செய்த டாக்டரையே, கால்களை அகட்டிக் கையை இடுப்பில் ஊன்றி நிற்பவராக, நெருப்பு நிறங்களில் ஆளுயரத்துக்கு வரைந்து தள்ளினார். அதே குளிர்காலத்தில், அதே நகரத்தின் மறுகோடியில், ஸ்ட்ராண்ட்கேட் வீட்டில் ஹாமர்ஷோய் தன் சாம்பல் சுவர்களுடன் இருந்திருக்கிறார். ஒருவருக்கு மஞ்சளும் சிவப்பும் போதவில்லை, இன்னொருவருக்குச் சாம்பலே அதிகம். எடுத்துக்கொண்ட பொருள் என்னவோ ஒன்றுதான்.

கோதன்பர்க்குக்குப் பிறகு இருட்டிவிட்டது. ரயில் ஜன்னல் கண்ணாடி ஆகிவிட, பெட்டியில் இருந்த அத்தனை பேரும் அதில் தெரிந்தார்கள். எதிர் இருக்கைக்காரர் நேரில் என்னைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியில் அடிக்கடி பார்த்தார். நானும் அப்படித்தான். பென்சிலை எடுத்து அவருடைய பிம்பத்தை வரைந்தேன். நெற்றிக்குக் குறுக்கே வெளியே ஓடும் ஏதோ ஊரின் விளக்குகள் கோடு போட்டுக்கொண்டே இருந்தன.

சனி, ஆஸ்லோ

தேசிய அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம், 2022 ஜூனில் திறந்தது. பெரியது, சாம்பல் கல், வாசலிலிருந்து மூங்க் அறைக்குப் போவதற்குள் கால் வலித்துவிடும். அந்த அறையில் 'அலறல்' 1893-இன் முன்னால் எப்போதும் ஒரு கூட்டம். கைப்பேசியை உயர்த்துகிறார்கள், கன்னத்தில் கை வைத்துத் தாங்களும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள், போகிறார்கள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அலறும் ஒருவரைச் சுற்றி இத்தனை பேர் நின்றும் யாரும் காது கொடுக்கவில்லை என்பது படத்தின் பொருளோடு வெகு பொருத்தமாக இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கூட்டம் கலைந்த ஓர் இடைவெளியில் அருகே போய்ப் பார்த்தேன். அட்டையின் மீது வரைந்தது. இடது மேல் மூலையில், சிவப்பு வானத்தின் நடுவே, பென்சிலில் மிகச் சிறிய எழுத்து: பைத்தியக்காரனால் மட்டுமே வரைய முடிந்திருக்கும் என்று. யாரோ பார்வையாளர் குறும்பாகக் கிறுக்கியது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2021-இல் அகச்சிவப்புப் படம் எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்ட இதே அருங்காட்சியகம், எழுதியவர் மூங்க்தான் என்று அறிவித்தது. எல்லாரும் நடு உருவத்தைப் பார்க்கிறார்கள். நான் பின்னால் போய்க்கொண்டிருக்கும் இருவரைப் பார்த்தேன். மூங்க் தன் குறிப்பில் எழுதியபடி அவர்கள் நண்பர்கள். வானம் ரத்தமாகியபோது அவர் பதைத்து நின்றுவிட்டார், அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். நெட்டையாக, தொப்பியுடன், எந்த அவசரமும் இல்லாமல் போகிறார்கள். அந்த இரண்டு குட்டி உருவங்களையும் விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், படம் வெறும் பயப் படமாகிவிடும். அவர்கள் இருப்பதால்தான் அதில் தனிமை இருக்கிறது.

அதே தொகுப்பில் இன்னொரு படம் இருக்கிறது, அதன் முன்னால் ஒருவரும் இல்லை. 'லஃபாயெத் தெரு', 1891, பாரிஸ். பால்கனிக் கம்பியில் ஒரு கனவான் சாய்ந்து நிற்கிறார், கீழே தெருவில் வண்டிகளும் மனிதர்களும் சிதறிய தீற்றல்களாக ஓடுகிறார்கள். அந்தக் கம்பி படத்தின் குறுக்கே சரிந்து ஓடுகிறது. இரண்டு வருடம் கழித்து 'அலறல்' வரைந்தபோது அதே சரிவுக் கம்பியைத்தான் மூங்க் மறுபடி எடுத்தாண்டிருக்கிறார் என்பது இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும்போது பளிச்சென்று தெரிகிறது. முதலில் அது வேடிக்கை பார்க்கிறவர் சாய்ந்துகொள்ளும் கம்பி. பிறகு பிடித்துக்கொள்ளக்கூட உதவாத கம்பி.

'செந்-க்ளூவில் இரவு', 1890, மூன்றாவது. 1889 நவம்பரில் தந்தை இறந்த செய்தி பாரிஸில் இருந்த மூங்க்குக்கு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் நகரத்துக்கு வெளியே செந்-க்ளூவில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். படத்தில் இருட்டறை, ஜன்னலோரம் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர், வெளியே ஆற்றின் விளக்குகள். ஜன்னல் சட்டத்தின் நிழல் தரையில் சிலுவையாக விழுகிறது. ஹாமர்ஷோயின் தரையிலும் இதே ஜன்னல் விழுகிறது, வெயிலாக. மூங்க்கின் படம் முழுவதும் நீலம். வீட்டுக்குள் தொப்பியோடு இருக்கிறாரே என்பதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. வந்தவரா, போகப்போகிறவரா?

நாலரை மணிக்கு வெளியே வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. நேரே கார்ல் யோஹான் தெருவுக்கு நடந்தேன். ரயில் நிலையத்திலிருந்து அரண்மனை வரை போகும் பிரதான வீதி. கிறிஸ்தியானியா என்று இந்த ஊருக்குப் பெயர் இருந்த நாள்களில் வசதி படைத்தவர்கள் உடுத்திக்கொண்டு உலாப் போகும் இடம் இதுதான். யார் யாருக்கு வணக்கம் சொன்னார், யார் சொல்லாமல் போனார் என்பதெல்லாம் மறுநாள் செய்தி. நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி, மூங்க் நின்றிருக்கக்கூடிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் 1892-இல் வரைந்த மாலைக் காட்சியில் கூட்டம் நடைபாதையில் நெருக்கியடித்து வருகிறது, ஒரே ஒரு ஆள் மட்டும் நடுத்தெருவில் எதிர்த்திசையில் போகிறார். இப்போது வாகன நடமாட்டம் குறைந்துவிட்டதால் எல்லாருமே நடுத்தெருவில்தான் நடக்கிறார்கள். அந்தத் தனி ஆள் இன்று இங்கே நடந்தால் தனித்துத் தெரியமாட்டார். வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

ஞாயிறு, ஆஸ்லோ

மூங்க் அருங்காட்சியகம் துறைமுகத்தின் ஓரத்தில், 2021-இல் திறந்தது, பதின்மூன்று தளங்கள். மேல் பகுதி நகரத்தை நோக்கிக் குனிகிறது. ஊர்க்காரர்களுக்குக் கட்டடத்தின் மீது ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு உள்ளே இருப்பது போதும். மூங்க் தன் உயிலில் இந்த நகரத்துக்கு விட்டுப்போன சொத்து இது. ஓவியங்கள் ஆயிரத்துக்கு மேல், அச்சுப் படங்கள் பல ஆயிரம். 'அலறல்' இங்கேயும் உண்டு, மூன்று வடிவங்களில். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் ஒன்று காட்சியில் இருக்கும்போது மற்ற இரண்டையும் மூடி வைத்துவிடுகிறார்கள், முறை வைத்துத் திறக்கிறார்கள்.

நான் பாதி நாளைச் செலவழித்தது ஒரு மர அச்சுப் படத்தின் முன்னால். 'இருவர்', கூடவே 'தனித்தவர்கள்' என்றும் பெயர். கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் நமக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து நிற்கிறார்கள். பெண் வெள்ளை உடையில் நீரோரம், ஆண் கறுப்பில் ஓரடி பின்னால், தொடவில்லை. முதலில் 1892-இல் ஓவியமாக வரைந்தார், அது 1901-இல் கப்பல் விபத்தில் அழிந்துபோனது. அதற்குள் 1899-இல் மரத்தில் செதுக்கி வைத்திருந்ததால் காட்சி பிழைத்துக்கொண்டது.

அதைச் செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். பல வண்ண மர அச்சு என்றால் வண்ணத்துக்கு ஒரு கட்டை செதுக்கி, ஒரே தாளைப் பல முறை அச்சுக்குள் கொடுத்து எடுப்பதுதான் வழக்கம். மூங்க் ஒரே கட்டையைச் செதுக்கினார். பிறகு மெல்லிய வாளை எடுத்து அந்தக் கட்டையையே துண்டுகளாக அறுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக மை தடவி, குழந்தைகள் பொருத்தி விளையாடும் படத்துண்டுகளைச் சேர்ப்பதுபோல் மீண்டும் சேர்த்துவைத்து ஒரே அழுத்தில் அச்சிட்டார். இதில் வேலை மிச்சம் என்பது உண்மை. ஆனால் எங்கே அறுத்தார் என்று பாருங்கள். ஆணை அவர் நிற்கும் கரையோடு ஒரே துண்டாக விட்டிருக்கிறார். பெண்ணைச் சுற்றி அறுத்து முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டார். வாள் போன பாதை அச்சில் மை பிடிக்காமல் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது. தலைமுடியைச் சுற்றி, தோளில் இறங்கி, பாவாடை விளிம்பு வரை மயிர் அகலத்தில் ஒரு வேலி. இருவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அவர் வரையவில்லை, மரத்தை அறுத்து உண்டாக்கியிருக்கிறார். மை மாற்றி மாற்றி அச்சிட்ட பிரதிகளில் கடல் ஒன்றில் பச்சை, ஒன்றில் நீலம், வானம் ஒவ்வொன்றிலும் ஒரு பொழுது. கோடு மட்டும் எல்லாவற்றிலும் அதே இடத்தில்.

மனநிலையைக் காட்ட வேண்டும் என்று முகத்தில் கண்ணீர் வைக்கிறவர்கள், கறுப்புப் பின்னணியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த உருவத்தைப் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். நானும் இளம் வயதில் அத்தகைய படங்களுக்கு உருகியிருக்கிறேன். இப்போது அவை எனக்கு ஒட்டுவதில்லை. அவை நமக்குத் தனிமையில் இருக்கும் ஒருவரைக் காட்டுகின்றன, நாம் பாவம் என்று சொல்லிவிட்டு நகரலாம். இந்த இருவர் அப்படி நகரவிடுவதில்லை. அவர்களுக்குப் பின்னால் மூன்றாமவராக நம்மை நிறுத்திவிடுகிறார்கள்.

வெளியே வருமுன் இரண்டு தன்னுருவ ஓவியங்கள். 'இரவில் உலவுபவர்', 1923-24: ஊரடங்கிய யாமத்தில் தூக்கம் பிடிக்காமல் எக்கெலி வீட்டில் நடமாடும் மூங்க். முதுகு வளைந்து, கண் இரண்டும் குழியாக, படத்துக்குள் பக்கவாட்டிலிருந்து எட்டிப்பார்க்கிறார். திரைச்சீலை இல்லாத ஜன்னல்களில் இரவின் நீலம். அந்த வீட்டை 1916-இல் வாங்கி, 1944-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். மற்றது 1940-க்கும் 1943-க்கும் இடையே வரைந்தது. நின்றகோலத்தில் கிழவர், ஒரு பக்கம் முள் இல்லாத கடிகாரம், மறுபக்கம் கட்டில், பின்னால் அறை நிறைய அவருடைய படங்கள். இதில் இரக்கம் கேட்கும் தொனி துளியும் இல்லை. இதுதான் என் முகவரி என்று சொல்வதுபோல் கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறார்.

திங்கள், பெர்கன் ரயில்

1909-இல் திறந்த பாதை. ஃபின்ஸே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில். மலை, பனி, உறைந்த ஏரி. இயற்கை வருணனை எனக்குக் கைவராத கலை, ஆர்வமுள்ளவர்கள் வேறு யாரையாவது படியுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஃபின்ஸேயில் வண்டி நின்றபோது பனிச்சறுக்குக் கட்டைகளுடன் ஒருவர் தனியாக இறங்கி, ஆள் அரவமே இல்லாத வெள்ளைக்குள் நடந்து போனார். அவரைப் பார்த்து யாருக்கும் பரிதாபம் தோன்றவில்லை, எனக்குப் பொறாமைகூட வந்தது. அதே மனிதர் நேற்று இரவு ஆஸ்லோவில் விளக்கெரியும் ஜன்னல்களின் கீழே தனியாக நடந்திருந்தால் வேறு விதமாக நினைத்திருப்பேன்.

பெர்கனில் மழை. விசாரித்தால் சிரிக்கிறார்கள், இங்கே அது செய்தியே இல்லையாம்.

செவ்வாய், பெர்கன்

கோடே அருங்காட்சியகத்தில் ராஸ்முஸ் மேயரின் தொகுப்பு. மேயர் இந்த ஊர் வணிகர், மூங்க் உயிரோடு இருந்தபோதே அவர் படங்களை வாங்கிச் சேர்த்தவர். 1916-இல் இறந்தார். ஒரே தெருவை மூங்க் இரண்டு விதமாக வரைந்ததை இங்கே ஒரே இடத்தில் பார்க்க முடிகிறது.

'கார்ல் யோஹானில் வசந்த நாள்', 1890. பிரான்சில் கற்று வந்த புள்ளி வைக்கும் முறை. வெயில், வெளிர் நீல நிழல்கள், உலாவும் மனிதர்கள். முன்னால் ஒரு பெண் சிவப்புக் குடையுடன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். பார்க்க இதமான படம். இந்த முதுகைப் பார்த்து யாரும் தனிமை என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை. அதே புள்ளிகள் அவர் உடையிலும் தெருவிலும் மரத்திலும் சமமாக விழுகின்றன, அவரை ஊரிலிருந்து பிரித்தெடுக்க அங்கே ஒரு கோடு இல்லை.

'கார்ல் யோஹான் தெருவில் மாலை', 1892. அதே தெருவா என்று கேட்க வைக்கிறது. கூட்டம் முழுவதும் இடது பக்கம் குவிந்து நம் மீது மோத வருகிறது. உயரத் தொப்பிகள், வெளிறிய முகங்கள், மூக்கும் வாயும் கரைந்து கண்கள் மட்டும் விழித்துக்கொண்டிருக்கின்றன. முன்வரிசை மனிதர்களை மார்போடு சட்டகம் வெட்டியிருப்பதால் அவர்கள் கால் எங்கே என்று தெரியவில்லை, அடுத்த நொடி நம் தோளை இடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் நாடாளுமன்றத்தின் ஜன்னல்கள் மஞ்சளாக எரிகின்றன. வலது பக்கம் பாதிப் படம் வெறும் தெரு. அதில்தான் அந்தக் கறுப்பு உருவம், நமக்கு முதுகு காட்டி, கூட்டத்துக்கு எதிர்த்திசையில்.

மூங்க் எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. காதலித்த பெண்ணுக்காக இந்தத் தெருவில் காத்து நிற்கிறார். அவள் வருகிறாள், லேசாகத் தலையசைத்துவிட்டுக் கடந்து போகிறாள். அதற்குப் பிறகு எல்லாம் வெறுமையாகிறது, எதிரே வருகிறவர்கள் அனைவரும் மாலை வெளிச்சத்தில் வெளிறிய முகங்களுடன் தன்னையே வெறிப்பதாகத் தோன்றுகிறது. இதை வைத்து அந்தக் கறுப்பு உருவம்தான் மூங்க் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு உடன்பாடு பாதிதான். குறிப்பில் இருப்பவரை முகங்கள் வெறிக்கின்றன. படத்தில் அந்த முகங்கள் வெறிப்பது தெருவில் போகிறவரையா? அவர் இவர்களுக்குப் பின்னால் போய்விட்டார். வெறிப்பது நம்மை. அப்படியானால் தெருவில் நின்றவர் இருக்கும் இடத்தில் நிற்பது படத்துக்கு வெளியே உள்ள நாம்தான், தூரத்தில் போகிறவர் இன்னொருவர், ஒருவேளை நமக்கு அறிமுகமாகியிருக்கக்கூடியவர், நம் பக்கம் திரும்பாமலே போகிறவர். இந்தக் கூட்டத்தின் நடுவில் உள்ள ஒரே துணை அவர், அவரும் போய்க்கொண்டிருக்கிறார்.

இதை நோட்டில் அவசரமாக எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான அம்மையார் ஒருவர், மடியில் குடையுடன். "கொஞ்சம் நகர்ந்து நிற்கிறீர்களா? அந்தத் தனியாகப் போகிற மனிதரை நீங்கள் முழுவதும் மறைத்துவிட்டீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். நகர்ந்தேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவராம். என் வாதத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, முன்னால் வரும் பெண்ணின் தொப்பியைக் கவனித்தீர்களா, இத்தனை பேரில் அவள் தொப்பியை மட்டும் ஏன் இவ்வளவு சிரத்தையாக வரைந்திருக்கிறார், அதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார். நான் சொன்ன பதில் எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை. காவலர் வந்து மூடும் நேரம் என்று சொல்லும் வரை தொப்பியைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தோம்.